70 கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு பழைய டஸ்டர் சரிப்படுமா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: நாமக்கல்லில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியர். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியோடு அம்மா. பள்ளி 7 கி.மீ. தூரம். மாதம் இரண்டு முறை கொல்லிமலை செம்மேடு பக்கம் உள்ள எங்கள் மிளகுத் தோட்டத்துக்குப் போய்வர வேண்டும். இப்போதுள்ள சின்ன கார் தோட்டப் பாதையில் அடி தட்டுகிறது. அம்மாவால் குனிந்து ஏறி இறங்க முடியவில்லை. தெரிந்த ஒரு பழைய கார் கன்சல்டிங்கில் 2015 ஆகஸ்ட் பதிவு ரெனோ டஸ்டர் இருக்கிறது. 110 குதிரைத்திறன் டீசல், ஆர்.எக்ஸ்.இசட். ரகம், 1,08,000 கி.மீ., இரண்டாவது ஓனர், விலை 4.60 லட்சம். கையிருப்பில் முடிந்துவிடும். இன்னொரு இடத்தில் 2017 கிரெட்டா 1.6 பெட்ரோல், 62,000 கி.மீ., 7.80 லட்சம். அதற்கு 3.50 லட்சம் கடன் வாங்க வேண்டும். டஸ்டர் கம்பெனி நிறுத்திய வண்டி, பாகம் கிடைக்காது என்கிறார் நண்பர். 10 வருடம் ஆன டீசலுக்குத் தடை வரும் என்கிறார் மைத்துனர். மலைக்கு 110 குதிரைத்திறன்தான் சரி, டீசல் என்பதால் செலவும் மிச்சம் என்பது என் எண்ணம். பள்ளிக்கான குறுகிய ஓட்டத்தில் டீசல் இன்ஜினில் கரி சேருமோ என்ற பயமும் உண்டு. நான்கு சக்கர இயக்க டஸ்டர் தேவைப்படுமா? இன்சூரன்ஸ் முடிய 5 மாதம் இருக்கிறது, போனஸ் வீணாகாமல் அதன் பிறகு பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் கன்சல்டிங்காரர். இன்றைக்கே 25,000 அட்வான்ஸ் கேட்கிறார். என்ன செய்யட்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் அந்த 25,000 ரூபாயைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். நீங்கள் அனுப்பியிருக்கும் ஆர்.சி. நகலில் ஒரு வங்கியின் பெயரில் எச்.பி., அதாவது கடனுக்கான அடமானப் பதிவு, இன்னும் அப்படியே இருக்கிறது. டயரின் பக்கவாட்டுப் படத்தில் 3218 என்ற எண் தெரிகிறது. 2018ஆம் ஆண்டின் 32வது வாரத்தில் செய்த டயர் என்று அதற்குப் பொருள். இந்த இரண்டையும் கன்சல்டிங்காரர் உங்களிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. மறைத்தார் என்று நான் சொல்லவில்லை, நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். எதையெதைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

வண்டியின் குணம் உங்கள் தேவையோடு பொருந்துகிறது. டஸ்டரின் தரை இடைவெளி 205 மி.மீ. சஸ்பென்ஷன் மோசமான சாலையையும் குழியையும் அலட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளும். இந்த விலைக்குள் வரும் பழைய வண்டிகளில் இதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறு பெயர் சட்டென்று வரவில்லை. டிக்கி 475 லிட்டர், மிளகு மூட்டையும் வீட்டுச் சாமானும் ஒன்றாகப் போகும். பின் சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் தோள் இடிக்காமல் உட்காரலாம்.

ஆனால் உயரமான வண்டி என்றாலே மூட்டுவலிக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குனிய வேண்டியதில்லை என்பது சரி, அதற்குப் பதிலாகக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். வண்டியைப் பார்க்கப் போகும் நாளில் அம்மாவையும் அழைத்துப் போங்கள். முன் சீட்டில் ஒரு முறை, பின் சீட்டில் ஒரு முறை ஏறி இறங்கட்டும். சமதளத்தில் சுலபமாக இருப்பது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது சுலபமாக இருக்காது. தோட்டத்தில் அப்படித்தான் நிற்கும். அதனால் சரிவில் நிறுத்தியும் பார்க்கச் சொல்லுங்கள்.

குறைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உள்ளலங்காரம் அந்தக் காலத்திலேயே சுமார்தான், பிளாஸ்டிக் தேய்ந்து கீச்சிடும். மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை உதறும். விற்கப் போனால் கிரெட்டாவுக்குக் கிடைக்கிற மரியாதை இதற்குக் கிடைக்காது. உங்களுக்கு இன்று 4.60க்குக் கிடைப்பதும் அதே காரணத்தால்தான்.

நண்பர் சொன்னதும் மைத்துனர் சொன்னதும்

டஸ்டர் 2012 ஜூலையில் வந்தது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாரானது. டீசல் இன்ஜின் 2020 மார்ச்சோடு நின்றது, அந்த டஸ்டரின் தயாரிப்பே 2022இல் நின்றது. நண்பர் சொன்னதில் இவ்வளவு உண்மை. ஆனால் இதில் இருக்கும் 1.5 லிட்டர் டீசல் இன்ஜின், கே9கே என்பது அதன் பெயர், டஸ்டருக்கு மட்டும் சொந்தமானதல்ல. நிசான் டெரானோ, சன்னி, மைக்ரா, ரெனோ லாட்ஜி, மகிந்திரா வெரிட்டோ எல்லாவற்றிலும் அதே குடும்பத்து இன்ஜின்தான். வெரிட்டோ டாக்சியாக லட்சக்கணக்கான கி.மீ. ஓடியிருக்கிறது. அதனால் ஃபில்டர், பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச், பிரேக் பேட் போன்றவை வெளிச்சந்தையில் கிடைக்கின்றன, கை பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். கம்பெனியும் இந்தியாவை விட்டுப் போய்விடவில்லை.

சிக்கல் வருவது இன்ஜினில் அல்ல, உடம்பில். ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி, உட்புறச் சுவிட்சு, டிரிம் துண்டுகள் போன்றவை டஸ்டருக்கென்றே உள்ளவை. ஒன்று உடைந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆகவே வாங்கும்போதே எல்லா விளக்கும், எல்லா பவர் விண்டோவும், சென்ட்ரல் லாக்கும், இரண்டு சாவியும் வேலை செய்கின்றனவா என்று ஒன்றுவிடாமல் பாருங்கள். வேறு வண்டியில் அற்பமாக விட்டுவிடும் குறைகளை இதில் விட முடியாது.

மைத்துனர் சொல்லும் 10 வருடக் கணக்கு டெல்லிக்கும் அதைச் சுற்றிய தேசியத் தலைநகர் பகுதிக்கும் உரியது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. இங்கே சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் எஃப்.சி. காட்டி, கட்டணமும் பசுமை வரியும் கட்டி 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம். உங்கள் வண்டிக்கு 2030 ஆகஸ்ட் வரை கவலையில்லை. தமிழ்நாட்டு வண்டியின் ஆயுட்கால வரி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும், பெயர் மாற்றத்தின்போது மறுபடி கட்ட வேண்டியதில்லை. இதே கன்சல்டிங்கில் விலை குறைவாக வெளிமாநில வண்டி ஒன்றைக் காட்டினால் மட்டும் நின்று யோசியுங்கள். தடையின்மைச் சான்று, மறுபதிவு, இங்கத்திய வரி எல்லாம் சேர்ந்து அந்தக் குறைந்த விலையை விழுங்கிவிடும்.

மலைக்கு 110தானா?

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் மாறுபடுவது இந்த இடத்தில்தான். காகிதத்தில் 110 பெரிது. ஆனால் அந்த இன்ஜின் தன் முழு இழுவிசையான 248 நியூட்டன் மீட்டரைக் கொடுப்பது நிமிடத்துக்கு 2,250 சுற்றில். 85 குதிரைத்திறன் டஸ்டர் 200 நியூட்டன் மீட்டர்தான் தரும், ஆனால் 1,900 சுற்றிலேயே தந்துவிடும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் 10, 12 கி.மீ.க்கு இறங்கும், சுற்று 1,200 பக்கம் விழும். அந்த இடத்தில், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் 110இன் டர்போ இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது கியரில் மிதித்தால் வண்டி திணறும். திணறாமல் இருக்கப் பலரும் செய்வது ஹாஃப் கிளட்ச் பிடிப்பது. ஒரு ஏற்றத்துக்கு 70 முறை ஹாஃப் கிளட்ச் என்றால், வருடத்துக்கு 24 ஏற்றத்தில் எத்தனை என்று கணக்கு வாத்தியாரைக் கேட்க வேண்டியதில்லை. வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறக்கி, கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டு ஏற்றுவதுதான் முறை. பழகிவிட்டால் 110 சிரமம் தராது. பழகும்வரை கிளட்ச்தான் அடி வாங்கும்.

அப்படியானால் 85ஐத் தேடட்டுமா என்று கேட்பீர்கள். ஓட்ட சுகம், கிளட்ச் செலவு இரண்டிலும் 85 மேல். ஆனால் பாதுகாப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. 2017இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத டஸ்டர் பூஜ்ய நட்சத்திரமும், ஓட்டுநர் ஏர்பேக் உள்ள டஸ்டர் 3 நட்சத்திரமும் பெற்றன. 85இன் அடிமட்ட ரகங்களில் ஏர்பேக்கே இல்லை. நீங்கள் பார்த்திருக்கும் ஆர்.எக்ஸ்.இசட்.டில் முன்னால் இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உண்டு. குடும்பத்தோடு மலை இறங்கும் ஒருவர் கிளட்ச் செலவை மிச்சம் பிடிக்க ஏர்பேக்கை விடக் கூடாது என்பது என் கருத்து. இரண்டு ஏர்பேக்கோடு நல்ல 85 கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் இந்த 110ஐயே கிளட்சைச் சோதித்துவிட்டு எடுக்கலாம்.

நான்கு சக்கர இயக்க டஸ்டர் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். செம்மேடு வரை தார் ரோடு. மிச்சமுள்ள மண்பாதைக்கு நல்ல டயர் போதும். அந்த வகையில் பாகங்களும் அதிகம், கிடைப்பதும் கடினம். வேண்டாம்.

டீசல் மிச்சம் எவ்வளவு?

பள்ளிக்குப் போய்வர 14 கி.மீ. வீதம் 24 நாள், மலைக்கு இரண்டு நடை, எல்லாம் சேர்த்து மாதம் 600 கி.மீ. என்று வைப்போம். பெட்ரோல் கிரெட்டா 12 கி.மீ. தந்தால் 50 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் 5,050. டீசல் டஸ்டர் 16 தந்தால் 37.5 லிட்டர். லிட்டர் 92.50 என்றால் ஏறத்தாழ 3,470. வித்தியாசம் மாதம் 1,580, வருடத்துக்கு 19,000. ஒரு கிளட்ச் வேலை வந்தால் இரண்டு மூன்று வருட மிச்சம் காலி. ஆக, டீசல் மிச்சத்துக்காக இந்த வண்டியை வாங்காதீர்கள்.

உண்மையான மிச்சம் கடனில் இருக்கிறது. கிரெட்டாவுக்காக 3.50 லட்சத்தை 13 சதவீத வட்டியில் 4 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 9,400, வட்டி மட்டும் 1 லட்சம். கிரெட்டாவின் பெட்ரோல் இன்ஜின் எளிமையானது. டர்போ இல்லை, டைமிங் செயின்தான், ரப்பர் பெல்ட் இல்லை, குறைந்த சுற்றிலும் திணறாது. வண்டியாக மட்டும் பார்த்தால் தொல்லை குறைவு அதில்தான். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும், வருடம் ஒரு முறை எரிபொருள் ரப்பர் குழாய்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தரை இடைவெளி 190 மி.மீ., டிக்கி 400 லிட்டர், உங்களுக்குப் போதும். டஸ்டரைவிட 3.20 லட்சம் கூடக் கொடுத்து, வட்டியும் கட்டும் அளவுக்கு அது உங்களுக்கு அவசியமா என்றால், மாதம் 600 கி.மீ. ஓட்டத்துக்கு அவசியமில்லை என்பேன்.

7 கி.மீ. ஓட்டத்தில் டீசல் இன்ஜின் முழுச் சூடேறாது, கரி சேரும் என்று நீங்கள் பயப்பட்டிருப்பது நியாயமான பயம். புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில்தான் கரி முதலில் படியும். 110இல் டர்போவின் உள் இதழ்கள் அசையாமல் இறுகுவதும் அதனால்தான். உங்கள் விஷயத்தில் அதற்கான வைத்தியம் மாதம் இரண்டு முறை தானாகவே நடக்கிறது. மலை ஏறும்போது இன்ஜின் அரை மணிக்கு மேல் நல்ல சூட்டில் உழைக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களில் உள்ள புகைத்துகள் வடிகட்டியும் இதில் இல்லை. குறுகிய ஓட்டத்தில் அது அடைத்துக்கொண்டு தரும் தலைவலி உங்களுக்கு வராது.

இந்த வண்டியில் தவறாமல் பார்க்க வேண்டியவை

டைமிங் பெல்ட்: இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்ட்டை ஓட்டுவது ரப்பர் பெல்ட். ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும். ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்ற வேண்டும், செலவு லட்சத்தைத் தொடலாம். பெல்ட்டுக்கு கி.மீ. கணக்கும் உண்டு, வயதுக் கணக்கும் உண்டு. மாற்றியதற்குத் தேதியும் கி.மீ.யும் போட்ட பில் இருந்தால் மட்டுமே நம்புங்கள். ‘மாத்தியாச்சு சார்’ என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. பில் இல்லாவிட்டால் வாங்கிய வாரத்திலேயே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். வாட்டர் பம்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். பம்பை மட்டும் விட்டுவிட்டால், ஆறு மாதத்தில் அது கசிந்து அதே வேலையை மறுபடி செய்ய வைக்கும். ஆல்டர்னேட்டரையும் ஏ.சி. கம்ப்ரசரையும் ஓட்டும் வெளிப் பெல்ட்டையும் கூடவே மாற்றிவிடுங்கள். அது நைந்து நூல் பிரிந்தால், அந்த நூல் கிராங்க் புல்லி வழியே உள்ளே போய் டைமிங் பெல்ட்டைத் தடம் புரளச் செய்துவிடும். சில நூறு ரூபாய்ப் பொருள் ஒரு இன்ஜினைக் கொல்வது இப்படித்தான்.

கிளட்ச்: ஆளில்லாத சாலையில் 40 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். சுற்று மட்டும் எகிறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. அடுத்து, வண்டியை நிறுத்தி கிளட்ச் பெடலை ஒரு நிமிடம் மிதித்தபடியே இருங்கள். பெடல் மெல்லக் கீழே போனாலோ, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தாலோ, கியர் பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் சிலிண்டர் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். 110இல் கிளட்ச் பொருந்தும் கனமான சக்கரம் இரட்டை நிறை (டூயல் மாஸ்) ஃப்ளைவீல். ஐடிலிங்கில் கடகடவென்ற சத்தம், கிளட்சை மிதித்தால் அந்தச் சத்தம் மாறுவது, இன்ஜினை அணைக்கும்போது ஒரு உதறல், இவை அது தேய்ந்ததற்கு அடையாளம். கிளட்ச் செட்டைவிட ஃப்ளைவீலின் விலைதான் அதிகம், கியர் பாக்ஸை இறக்கும் வேலைக்கு முன்பே எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள்.

குளிர்ந்த ஸ்டார்ட்: காலையில், நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால் பேட்டரி, குளோ பிளக், இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. வேகம் எடுக்கும்போது கரும்புகையும் விசில் சத்தமும் சேர்ந்து வந்து பிக்கப் குறைந்தால், முதலில் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டர்போவே போய்விட்டது என்று பயமுறுத்துபவர்கள் உண்டு, பல நேரம் குழாய்தான்.

ஸ்கேனர்: எந்த நல்ல ஒர்க்‌ஷாப்பிலும் சில நூறு ரூபாய்க்குப் போட்டுப் பார்ப்பார்கள். கோளாறுக் குறிகள் எதுவும் இல்லை என்பதோடு திருப்திப்படாதீர்கள். குறிகளை அழித்த பிறகு எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது என்பதையும் படிக்கச் சொல்லுங்கள். 12 கி.மீ. என்று காட்டினால், நேற்றுத்தான் யாரோ அழித்திருக்கிறார்கள்.

ஏர்பேக் விளக்கு: சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். முன்பு மோதி வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் செயலிழக்கச் செய்திருக்கலாம். இரண்டு ஏர்பேக்குக்காகத்தான் இந்த ரகத்தையே தேர்ந்தெடுக்கிறோம் என்பதால் இதில் தளர்வு வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா: 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம், இவற்றில் நனைந்த வண்டிகள் ஊர் மாறி விற்பனைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் மறைந்திருக்கும் பகுதியில் சேற்றுக்கறை ஒரு கோடாக நிற்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீட் தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னிக் குழியில் படிந்த வண்டல், ஃப்யூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பு இவையும் சாட்சி. கூடவே சர்வீஸ் வரலாற்றையும் எடுங்கள். சேஸிஸ் எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்டால் வண்டி எப்போது எந்த கி.மீ.யில் வந்தது என்று தெரியும். 1,08,000 நிஜமா என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழியில் ‘டொக்’ என்றால் சஸ்பென்ஷனின் சிறு பாகங்களான லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ். வேகத்தோடு கூடும் ரீங்காரம் வீல் பேரிங். இரண்டும் பயப்படும் செலவல்ல.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

கன்சல்டிங்காரர் சொல்லும் யோசனை அவருக்குச் சௌகரியம், உங்களுக்கு ஆபத்து. நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, வண்டிக்குரியது அல்ல, விற்பவருக்குரியது. அதை நீங்கள் ‘காப்பாற்றி’ வைத்துக்கொள்ளவே முடியாது. பெயர் மாற்றும்போது மீதி நாட்களுக்கான போனஸ் வித்தியாசத்தைக் கம்பெனி உங்களிடம் வசூலிக்கும். இந்த வயது வண்டிக்கு அது சில ஆயிரம்தான்.

அந்தச் சில ஆயிரத்துக்காக நீங்கள் எதைப் பணயம் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157வது பிரிவுப்படி, வண்டி கைமாறியதும் மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாகவே புதியவருக்கு மாறியதாகக் கருதப்படும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அது பொருந்தாது. 14 நாளுக்குள் விண்ணப்பித்து பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் 35வது வளைவில் தடுப்புச் சுவரில் இடித்தால், இழப்பீடு மறுக்கப்படலாம். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான். உங்கள் பெயர் அதில் இல்லாவிட்டால் உங்கள் குடும்பத்துக்கு அது கிடைக்காது.

கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டுவதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதற்குள் பதிவு உரிமையாளர் இறந்துவிட்டால் அந்தக் கையெழுத்துக்குப் பயனில்லை. வாரிசுகள் படிவம் 31 வழியாகத் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே உங்களுக்கு வரும். அவர்கள் ஒத்துழைப்பார்களா என்பது அவர்கள் மனதைப் பொறுத்தது.

எச்.பி. பதிவுக்கு வங்கியின் தடையின்மைச் சான்றும் (என்.ஓ.சி.) படிவம் 35உம் வேண்டும். கடன் முடிந்துவிட்டது, பேப்பர் மட்டும் பாக்கி என்றால் அந்தப் பேப்பரைக் கண்ணால் பார்த்த பிறகே அட்வான்ஸ். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர் வரிசை எண், எச்.பி., காப்பீட்டுத் தேதி, பாக்கி இ-சலான் எல்லாவற்றையும் நீங்களே பார்க்கலாம். திருட்டு வண்டி எனப் புகார் உண்டா என்பதற்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளம் இருக்கிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யை உங்கள் தலையில் தனியாகக் கட்டச் சொன்னால் ஏற்காதீர்கள். பழைய கார் விற்கும் பதிவு பெற்ற வியாபாரி தன் லாப வித்தியாசத்தின் மீது கட்டும் வரி அது, முழு விலையின் மீது அல்ல.

என்ன விலைக்குக் கேட்கலாம்?

டைமிங் கிட், வாட்டர் பம்ப், வெளிப் பெல்ட், கூலி சேர்த்து 18,000. எல்லா ஆயிலும் ஃபில்டரும் 12,000. 215/65 ஆர்16 அளவில் நான்கு டயர் 36,000, எவ்வளவு பள்ளம் மீதியிருந்தாலும் 2018 டயரோடு மலை இறங்காதீர்கள். பேட்டரி 7,500. புஷ், லிங்க் ராடு 12,000. மொத்தம் 85,500. இவை வெளிக் கடைக்கான தோராய ஒதுக்கீடு, இடத்துக்கு இடம் மாறும். இந்தப் பட்டியலை எழுதி எடுத்துப்போய், கிளட்சும் பேப்பரும் சரியாக இருந்தால், 3.75க்குக் கேளுங்கள். 4 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். கிளட்ச் வழுக்கினால் எஸ்டிமேட் தொகை முழுவதையும் அதிலிருந்து கழியுங்கள், அவர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். 4 லட்சத்தில் முடித்தாலும் 85,500 வேலையையும் சேர்த்து, உங்கள் 4.60க்கு மேல் சுமார் 25,000தான் கூடும்.

முடிந்தால், பணத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். பெரும்பகுதி வங்கி வழியாக வண்டி எடுக்கும் நாளில், ஒரு 40,000 ஆர்.சி. உங்கள் பெயரில் வந்த பிறகு. இதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும், ஓடோமீட்டரில் அப்போது காட்டும் கி.மீ.யையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அன்று காலை யாரோ சிக்னலைத் தாண்டியதற்கான சலான் மறுவாரம் வந்தால், அது யாருடையது என்று சொல்ல அந்த நேரம்தான் உதவும்.